மூன்றாம் நகலின் பின்பக்கம்

இதனை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே பணிவுடன் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பதினேழு ஆண்டுகளாக நான் எழுதியவை பட்டியல்கள் மட்டுமே. பெட்டி எண், கோப்பு எண், தாள்களின் எண்ணிக்கை, நிலைமை என்று எழுதிப் பழகிய கைக்குக் கதை என்பது அடுத்த வீட்டுச் சமையலறை போன்றது. எந்தப் பொருள் எங்கே இருக்கும் என்று தெரியாது. கற்றறிந்தவர்கள் பிழை பொறுக்க வேண்டும். நடந்ததை நடந்த வரிசையில் சொல்வது ஒன்றே எனக்குத் தெரிந்த முறை.

எங்கள் ஆவணக் காப்பகம் ஓர் அரசுக் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகளில் இயங்குகிறது. கீழ்த்தளத்தில் பிறப்பு, இறப்புப் பதிவு அலுவலகம் உள்ளது. "கீழே ஆரம்பமும் முடிவும். நடுவுல உள்ளது மட்டும்தான் நம்ம பொறுப்பு," என்று எங்கள் காப்பாளர் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார். வந்தவர் சிரிக்காவிட்டால் இன்னொரு முறையும் சொல்வார். காப்பாளர், நான், ஓர் ஈரப்பதமானி ஆகிய மூவரே அங்கு நிரந்தரம் என்பதும் அவருடைய வாக்குதான்.

இவ்வூரின் சங்கங்கள், சிறு நிறுவனங்கள், தனிமனிதர்கள் ஆகியோரின் தாள்களை நாங்கள் பெற்றுக்கொள்கிறோம். இரும்பு அலமாரிகளில் இடம் மிகக் குறைவு. ஆதலால் எங்களிடம் ஒரு விதி உண்டு. ஒரே கடிதத்திற்குப் பல நகல்கள் இருப்பின், தெளிவானது ஒன்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றைக் கழித்துவிட வேண்டும். கழித்தவற்றைக் கழிவுப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். மாதம் ஒருமுறை பழைய தாள் வியாபாரி வந்து மூட்டை கட்டிச் செல்வார்.

வாடகைக் குடியிருப்போர் சங்கத்தின் தாள்கள் ஒன்பது அட்டைப்பெட்டிகளில் வந்தன. சங்கத்தின் செயலாளராகப் பத்தொன்பது ஆண்டுகள் இருந்தவர் அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்பு காலமாகியிருந்தார். பெட்டிகளைக் கொண்டுவந்தவர் அவருடைய மகன்.

"வீட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறோம் மேடம். அம்மா கண் ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில இருக்காங்க. அவங்க திரும்பி வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு பார்த்தா, அப்பா அலமாரி முழுக்க சங்கத்துப் பேப்பர். எடைக்குப் போட மனசு வரல."

"புண்ணியமாப் போச்சு," என்றார் காப்பாளர். "பாதிப் பேரு போட்டுட்டு வந்துதான் எங்ககிட்ட வருத்தப்படுவாங்க."

ஒப்படைப்புப் படிவத்தில் 'சொந்தத் தாள்கள் ஏதேனும் உள்ளனவா?' என்றொரு வினா உண்டு. மகன் சிறிதும் தயங்காமல் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாது.

செயலாளரைப் போன்ற ஒழுங்கான மனிதரின் தாள்களை நான் அதுவரை கையாண்டதில்லை. ஒவ்வொரு கடிதத்தையும் கார்பன் வைத்து நான்கு படிகளாகத் தட்டச்சு செய்திருக்கிறார். முதற்படி உரியவருக்குப் போய்விடும். இரண்டாவது சங்கக் கோப்புக்கு. மூன்றாவதும் நான்காவதும் தலைவருக்கும் பொருளாளருக்கும் சென்று, படித்து முடித்தபின் இவரிடமே திரும்பி வந்திருக்கின்றன. திரும்பியவற்றையும் அவர் எறியவில்லை. அந்தந்தக் கடிதத்தின் பின்னால், அதே வரிசையில் செருகி வைத்திருந்தார். ஒழுகும் குழாய், நின்றுபோன லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, மாடிக் கதவின் பூட்டு என ஒரு கட்டடத்தின் நோய்கள் யாவும் அக்கடிதங்களில் இருந்தன.

நான் ஒன்பது நாட்கள் வேலை செய்தேன். தாள்களை முகம் மேலாக அடுக்கி, இரண்டாம் படியை நிறுத்தி, மூன்றாம், நான்காம் படிகளை எடுத்து இடப்புறக் கூடையில் போட்டேன். அவை மெல்லிய தாள்கள். ஊதினால் பறக்கும் வகை. சிலவற்றின் எழுத்துகளுக்கிடையே சாம்பல் நிற நிழல் தெரிந்தது. கார்பன் அழுக்கு என்று கருதினேன். கார்பன் நகல்களைப் பல்லாண்டு பார்த்தவர் எவரும் அப்படித்தான் கருதியிருப்பார். அன்று இந்த அனுபவம் இல்லாதவளாக இருந்திருந்தால் ஒருவேளை திருப்பிப் பார்த்திருப்பேன்.

பதிவேட்டில் இவ்வாறு எழுதினேன்: 'கார்பன் நகல்கள், மிகை, 1,126 தாள்கள்.' கையொப்பமிட்டேன். காப்பாளரும் கையொப்பமிட்டார். வியாபாரி எடுத்துச் சென்றார்.

வியாபாரி வந்துபோன பதினோராம் நாள் முற்பகலில் இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள். மூத்தவர் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் அணியும் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மற்றவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு படி பின்தங்கியே வந்தார்.

"ஏம்மா, சங்கச் செயலாளரோட பெட்டிங்க இங்கதானே இருக்கு? நான் அவரு சம்சாரம். இவ என் பெரிய பொண்ணு. இவளுக்கு ஒரு பேப்பர் காட்டணும்."

"நான் ஒண்ணும் காட்டச் சொல்லலை," என்றார் மகள் என்னிடம். "அம்மாதான் இழுத்துட்டு வந்தாங்க. எனக்கு ரெண்டு மணிக்கு ஆபீஸ்."

நான் அவர்களை அமரச் செய்து, பென்சில் மட்டுமே பயன்படுத்தலாம், பையை வெளியே வைக்க வேண்டும் என்னும் விதிகளை எடுத்துரைத்துவிட்டு, முதற்பெட்டியைக் கொண்டுவந்தேன். அம்மையார் ஒரு கடிதத்தை எடுத்தார். படிக்கவில்லை, நேரே திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அடுத்ததையும் திருப்பினார். அதற்கடுத்ததையும் திருப்பினார்.

"இது சங்கத்தோடது. அவரோடது எங்க?"

"அவருடையது என்றால் எதைச் சொல்கிறீர்கள், அம்மா?"

அவர் சொன்னதை நான் இங்கே முறைப்படுத்தித் தருகிறேன். செயலாளருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கடைசி மூன்று ஆண்டுகள் அவர் பேசியதெல்லாம் பென்சிலால்தான். ஒருபக்கம் வெறுமையாய் இருக்கும் தாளை வீணாக்குவது அவருக்கு ஆகாது. ஆனால் சங்கக் கோப்பின் தாளில் சொந்த விஷயம் எழுதுவது அதைவிடவும் ஆகாது. ஆகவே திரும்பி வந்த மூன்றாம், நான்காம் நகல்களை எடுத்து, அவற்றின் பின்பக்கத்தில் மனைவியிடம் பேசினார். பேச்சு முடிந்ததும் தாளை எடுத்த இடத்திலேயே செருகிவிடுவார். மனைவி வாயால் பேசியதற்கெல்லாம் அவர் அளித்த மறுமொழிகள் அந்தக் கோப்புகளில் இருந்தன.

"அதுல ஒண்ணு இவளைப் பத்தி. இவளைக் கூப்பிடச் சொல்லி எழுதினாரு. சொன்னா நம்ப மாட்டேங்கறா."

மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பேசினார். "மேடம், எங்கப்பா எந்தக் கட்டட முதலாளியோட பத்தொன்பது வருஷம் மல்லுக்கட்டினாரோ, அந்த முதலாளி ஆபீஸ்ல நான் வேலைக்குச் சேர்ந்தேன். அன்னியோட பேச்சு நின்னுச்சு. ஆறு வருஷம். வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னாரு. மிதிக்கலை. காரியத்துக்குத்தான் வந்தேன். இப்ப அம்மா சொல்றாங்க, கூப்பிட்டாராம். போனவங்க பேர்ல யாரு வேணும்னாலும் எது வேணும்னாலும் சொல்லலாம்."

"எழுத்து இருக்குடி!"

"இருந்தா காட்டு."

இருவரும் என்னை நோக்கினார்கள். "அந்த நகல்கள் மிகை எனக் கருதிக் கழிக்கப்பட்டுவிட்டன," என்றேன்.

"கழிக்கப்பட்டுவிட்டனன்னா? யாரு கழிச்சாங்க?"

"நான்தான்."

அம்மையார் கையிலிருந்த கடிதத்தை இன்னொரு முறை திருப்பினார். பின்பு, "பின்னாடி பார்க்கலையாம்மா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை என்றேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

வியாபாரிக்குத் தொலைபேசினேன். "உங்க மூட்டையா? பெரும்பாலும் மில்லுக்குப் போயி கூழாயிடுச்சு மேடம். மெலிசு பேப்பர் ஒரு கட்டு மட்டும் கண்ணாடிக் கடைக்காரர் கேட்டாருன்னு குடுத்தேன். டம்ளர் சுத்தறதுக்கு அதுதான் தோது."

காப்பாளரிடம் அனுமதி பெற்று மூவரும் அந்தக் கடைக்குச் சென்றோம். கடைக்காரர் பருத்த மனிதர். தம் கடையில் தாமே பக்கவாட்டில்தான் நடந்தார். விவரத்தைக் கேட்டதும் அவர் எங்களையும், சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"சுத்தின பேப்பருக்காக டம்ளரையெல்லாம் அவிழ்க்கணுமா? இத்தனை வருஷத்துல ஓட்டை இருக்கான்னு பார்த்தவங்க உண்டு. பேப்பரைப் படிக்க வந்தவங்க நீங்கதான் முதல்ல."

"திரும்ப நாங்களே சுத்தி வெச்சிடறோம் அண்ணே," என்றார் மகள்.

"உடைஞ்சா?"

"உடையாது."

"உடைச்சவங்க எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க," என்றவர், தாமே ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு அவிழ்க்கவும் தொடங்கினார்.

செய்தித்தாள்களுக்கும் விளம்பரத் தாள்களுக்கும் நடுவே எங்கள் தாள்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தன. அம்மையாருக்குக் கண் தெளியவில்லை. ஆகவே மகளே ஒவ்வொன்றையும் தொடையில் வைத்து நீவி, பின்பக்கத்தை வாய்விட்டுப் படித்தார். தொடக்கத்தில், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஆவணத்தைப் படிக்கும் குரல்.

"'மின்விசிறியை ஒன்று குறை. நான் பறப்பதற்குக் காகிதம் அல்ல.'"

கடைக்காரர் சிரித்துவிட்டார். அம்மையார், "இதுல சிரிக்க என்ன இருக்கு? காத்து அதிகம், குறைக்கச் சொன்னாரு, குறைச்சேன்," என்றார்.

"'உன் தங்கை போய்விட்டாளா? நான் தூங்கவில்லை.'"

"பாவம், அன்னிக்கு அவருக்கு முதுகுவலி. தூக்கம் எப்படி வரும்?"

"'டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். எழுதி முடித்துத் தலை நிமிர்ந்தால் எதிரே வேறு டாக்டர்.'"

"ஷிஃப்ட் மாறியிருக்கும்," என்றார் அம்மையார்.

மகளின் உதடு ஒருபுறம் கோணியது. அதை அவர் அடக்கிக்கொண்டு அடுத்த தாளை நீவினார். "'குரல் போனதில் ஒரு நன்மை. முப்பத்தெட்டு ஆண்டில் முதல் தடவையாக என்னைப் பேசி முடிக்க விடுகிறாய்.'" இதை அவர் இரண்டாவது முறை மனத்திற்குள் படித்தார். "அப்பா இப்படியெல்லாம் பேசுவாராம்மா? எங்ககிட்ட 'கதவை மூடு', 'விளக்கை அணை'ன்னுதானே பேசுவாரு?"

"வாய் இருந்தப்ப எங்க நேரம்? சங்கம், சங்கம்னு ஓடிட்டிருந்தாரு. வாய் போனப்புறம்தான் வாயாடி ஆனாரு."

பெட்டிகள் எல்லாம் தீர்ந்தபோது நாற்பத்தொரு தாள்கள் கிடைத்திருந்தன. மகளைப் பற்றிய தாள் அவற்றில் இல்லை. அம்மையார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மருத்துவர் கூடாது என்றதையும் மீறி, ஒவ்வொரு தாளையும் மூக்குவரை கொண்டுபோய் இன்னொரு முறை பார்த்தார்.

"விடும்மா. இல்லை."

"இருந்துச்சுடி."

"சரி, இருந்துச்சு." 'சரி' என்ற அந்தச் சொல் எவ்வளவு தொலைவிலிருந்து வந்தது என்பதை நாங்கள் மூவரும் அறிந்தோம்.

டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டுக் காப்பகத்திற்குத் திரும்பினோம். தாள்களைச் சமனாக்க ஒற்றுத்தாள்களுக்கிடையில் வைத்தபின், காப்பாளரின் மேசைமுன் போய் நின்று, கழிவுப் பதிவேட்டைத் திருத்தி எழுத அனுமதி கேட்டேன்.

"எதுக்கு? நகல்னு இருந்துச்சு, நகல்னு கழிச்சே. விதிப்படி செஞ்ச காரியம். அதைத் தொட்டா தப்பு உன் பேர்ல ஏறும். அடுத்த மாசம் ஆய்வுக் குழு வருது. உன் பதவி உயர்வு அவங்க கையில இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."

"தப்பு இப்பவும் என் பேர்லதான் சார் இருக்கு. எழுதலை, அவ்வளவுதான்."

இவ்வாறு அவரிடம் பேசியது அதுவே முதல் முறை. சொன்ன கையோடு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"என் கையெழுத்தும் பக்கத்துல இருக்கேம்மா," என்றார். பின்பு, "எழுதறதா இருந்தா ஒழுங்கா எழுது. அரைகுறையா எழுதறது மறைக்கறதைவிட மோசம். எண்ணிக்கை வேணும். யாரு சொன்னாங்கன்னு வேணும். உள்ளடக்கத்துல சுருக்கம் கூடாது, உள்ளபடி வேணும். 'கூப்பிட்டார்'னு எழுதி வெச்சா நாளைக்கு வர்றவனுக்கு அது செய்தி இல்லை, வதந்தி."

ஆகையால் படிப்பறைக்குத் திரும்பி, அம்மையாரின் எதிரே பதிவேட்டை விரித்து, அந்தத் தாளில் எழுதியிருந்த சொற்களை அப்படியே சொல்லும்படி கேட்டுக்கொண்டேன்.

"அதான் சொன்னேனே. பெரியவளை வரச் சொன்னாரு."

"அது சாராம்சம், அம்மா. எனக்கு அவர் எழுதிய சொற்கள் வேண்டும்."

அவர் மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். "அது எதுக்கு இப்போ? கொஞ்சம் ஒரு மாதிரி எழுதியிருந்தாரு. போற நேரத்துல மனுஷன் எழுதற மாதிரி இல்லை. நாலு பேரு பார்க்கற புஸ்தகத்துல அதைப் போய்…"

"பரவாயில்லை. உள்ளபடியே எழுதுவதுதான் இங்கு முறை."

அம்மையார் இரண்டு கைகளையும் மேசைமீது வைத்துக்கொண்டு, பள்ளியில் மனப்பாடம் ஒப்பிப்பவரைப் போல, ஏற்ற இறக்கமின்றிச் சொன்னார்:

"'பெரியவளை வரச் சொல். திட்ட மாட்டார் என்று சொல்லாதே, நம்ப மாட்டாள். திட்ட முடியாது என்று சொல்.'"

நான் எழுதினேன். மகள் மூக்கின் வழியாக ஒரு மூச்சு விட்டார். சிரிப்பாகத் தொடங்கிய அது எப்படி முடிந்தது என்று நான் பார்க்கவில்லை. தலை குனிந்துதான் இருந்தேன்.

"எழுதிக்குங்க மேடம்," என்றார் அவர் சிறிது நேரம் கழித்து. "இதை அம்மாவால இட்டுக்கட்ட முடியாது."

"நான் ஏன்டி இட்டுக்கட்டணும்?" என்றார் அம்மையார் உண்மையாகவே புரியாமல்.

"எந்த லெட்டருக்குப் பின்னாடி எழுதினாரு?"

"லிஃப்ட் நின்னு போனதுக்கு உங்க ஆபீசுக்குப் போட்டாரே, அதுக்குப் பின்னாடி."

நான் கோப்பைத் தேடி அக்கடிதத்தின் இரண்டாம் படியை எடுத்து வைத்தேன். அதன் கீழே கட்டட முதலாளி அலுவலகத்தின் பதிலும் இணைக்கப்பட்டிருந்தது. 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.' மகள் அதன் அடியிலிருந்த சுருக்கொப்பத்தின்மீது விரலை வைத்தார். அது அவருடையது.

"எப்ப எழுதினாரும்மா?"

"செவ்வாய்க்கிழமை."

"போனது வெள்ளிக்கிழமை."

"ஆமா."

"நடுவுல ரெண்டு நாள் இருந்துச்சு."

அம்மையார் கண்ணாடியை எடுத்து மீண்டும் போட்டுக்கொண்டார். "இருந்துச்சு. அவரு எழுதினதும் நான் போனைத் தூக்கிட்டு ஓடணுமான்னு இருந்துட்டேன். ஆறு வருஷம் நீயா ஒரு எட்டு வரலை. ரெண்டு நாள் போகட்டும், நாமளும் கொஞ்சம் பிகு பண்ணலாம்னு நினைச்சேன். அவருக்கு நாள் இருக்கும்னுதான் நினைச்சேன்."

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டே கால் ஆகியிருந்தது; அவர் அலுவலகத்திற்குக் கிளம்பவும் இல்லை. பின்னர் என்னிடம், "இதையும் எழுதுவீங்களா?" என்று கேட்டார்.

"மன்னிக்க வேண்டும். பதிவேட்டில் அதற்குப் பத்தி இல்லை," என்றேன்.

"நல்லதாப் போச்சு," என்றார். தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, இம்முறை ஒரு படி முன்னதாக, மெதுவாக இறங்கிப் போனார்.

அன்று மாலை நான் பதிவேட்டில் எழுதி, காப்பாளரும் கையொப்பமிட்ட திருத்தம் வருமாறு:

மிகை எனக் கழிக்கப்பட்ட கார்பன் நகல்கள்: 1,126 தாள்கள். மீட்கப்பட்டவை: 41. அவற்றுள் பின்பக்கத்தில் பென்சில் எழுத்து உள்ளவை: 29. இழந்தவை: 1,085 தாள்கள். இவற்றுள் எத்தனை தாள்களில் எழுத்து இருந்தது என்பது தெரியவில்லை. கழித்தவர் திருப்பிப் பார்க்கவில்லை. இழந்தவற்றுள் உள்ளடக்கம் அறியப்பட்டது: ஒரு தாள், மூன்று வாக்கியங்கள், மேலே உள்ளபடி, மனைவியின் வாய்மொழி, மூத்த மகள் உடனிருக்க. அத்தாளின் முன்பக்கம் காப்பகத்தில் பத்திரமாக உள்ளது.